முதலில் வெட்டுமுகம், பிறகு கிடைப்படம்

சித்திரம் படிக்கும் பிள்ளைகளிடம் வீடு ஒன்றை வரையச் சொன்னால் முகப்பைத்தான் வரைவார்கள், அதுவும் அழகாக. கட்டடக்கலை கற்பிக்கும்போது அங்கிருந்து நேரே கிடைப்படத்துக்கு, அதாவது மேலிருந்து பார்க்கும் தள வரைபடத்துக்கு, போவது சமதரைக்காரர் வழக்கம். மலையகத்தில், ஹட்டனிலும் பதுளையிலும் நிலமே சாய்ந்து கிடப்பதால், இங்கே வெட்டுமுகத்தில், அதாவது கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படத்தில், தொடங்குவதே சரி. கண்டியில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1949–51இல் கட்டிய கருணாரத்ன வீட்டைக் காட்டலாம். மலைச்சரிவில் தளங்கள் ஏறியிறங்கும் அந்த வீடு முகப்பை மட்டும் பார்த்தால் பிடிபடாது.

ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோட்டுக்குத் தனி விளக்கம் வேண்டாம்: தேயிலை மலையில் குறுக்கே ஓடும் வடிகான்களைக் காட்டினாலே போதும். சரிவை அளக்க மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும் சென்றிமீற்றர் குறித்த இரண்டு கம்புகளும் தேவை. ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் இரு முனைகளின் நீர்மட்டத்தையும் வாசித்துக் கழித்தால் இறக்கம் கிடைத்துவிடும். குழாயில் காற்றுக்குமிழி நின்றால் கணக்கு பொய்யாகும். நாடாவைச் சரிவோடு படுக்கவிடுவது அடுத்த பிழை: 30 பாகைச் சரிவில் 10 மீற்றர் நாடா கிடையாக 8.66 மீற்றர்தான். அளந்த சரிவை மட்டைகளை அடுக்கி மாதிரியாகச் செய்யலாம்: மாதிரி 1:200 என்றால், 3 மில்லிமீற்றர் காட்போட் மட்டை ஒன்று 60 சென்றிமீற்றர் உயரம். மழைக்காலத்தில் மட்டை ஈரம் இழுத்து வளையும். பசையை மெல்லப் பூசி, மேலே பாரம் வைத்து ஓரிரவு விட வேண்டும்.

அடுத்தது 10க்கு 12 அடி லயக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையின், மாதிரி, 1:20 அளவில். ஓர் அடி 15.24 மில்லிமீற்றர், ஆகவே அறை சுமார் 152க்கு 183. பெரும்பாலானோர் மறப்பது சுவரின் தடிப்பு. ஒன்பது அங்குலச் சுவர் இந்த அளவில் 11 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது நான்கு மட்டைகள் ஒட்ட வேண்டும். ஒற்றை மட்டையில் செய்தால் ஜன்னலின் ஆழம் காணாமல் போய், வெளிச்சமும் பொய்யாக விழும்.

அந்த வெளிச்சம்தான் சித்திரப் பிள்ளைகளின் சொந்தக் களம். சுவரில் 76 மில்லிமீற்றர் உயரத்தில், அதாவது ஐந்தடி உயரக் கண் மட்டத்தில், ஒரு துளையிட்டு ஃபோன் கமராவை வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். மூலை இடுக்குகளைக் கறுப்பு டேப்பால் அடைக்காவிட்டால் எந்தப் படமும் உதவாது. உள்ளே வெள்ளை பிரிஸ்டல் போட் விட்டால் அறை பளிச்சென்று தெரியும். விறகுப் புகை படிந்த சுவரின் நிறத்தைக் கலந்து பூசினால்தான் உண்மை இருட்டு வரும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஒரு பக்கம் மட்டுமே திறப்பு. ஆகவே பின்சுவரில் ஜன்னல் வெட்ட வழியில்லை. கூரையில் ஒரு ஒளித்தகடு, கதவுக்கு மேலே ஒரு திறப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றி, அதே துளையிலிருந்து, நாளின் அதே நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.