டூமா ஹாஃப்-லைஃபா: கிளிநொச்சியில் இருந்து ஒரு எஞ்சின் கணக்கு

ஷூட்டர், அதாவது சுடுகிற கொம்பியூட்டர் கேம்களை அடியில் இருந்து ஓட்டுகிற மென்பொருளைத்தான் எஞ்சின் என்பது. அதில் எந்த எஞ்சின் திறம் என்ற வாக்குவாதம் எங்கள் பக்கத்துப் பெடியளிடம் ஓய்வதே இல்லை. வலோரன்ட் ஆடுகிறவன் கவுண்டர்-ஸ்ட்ரைக்கைப் பழசு என்பான், கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவன் வலோரன்ட்டைக் கார்ட்டூன் என்பான், நடுவில் ஒருவன் யூடியூபில் பார்த்த அன்ரியல் 5 என்ற எஞ்சினின் டெமோவைக் காட்டி உங்களுடையதெல்லாம் ஒரு கிராபிக்ஸா என்று கேட்பான். ஏ9 றோட்டோரம் கொம்பியூட்டர் திருத்துகிற வேலையில் இருப்பதால் இந்தக் கதை எப்படியும் என் மேசைக்கு வந்துவிடும். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து இருக்கிறது, அதை ஒருக்கா முழுதாக எழுதிவிட வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். ஷூட்டர் எஞ்சின்களின் போட்டி, அடியில் போய்ப் பார்த்தால், வெளிச்சத்தைப் பற்றிய போட்டி. அந்த வெளிச்சத்துக்கான கணக்கை யார் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள், யாருடைய மெசினில் போடுகிறார்கள் என்பதில்தான் நாங்கள் ஆடலாமா ஆடமுடியாதா என்பது தீர்மானமாகிறது.

எங்கள் மெசின் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஒஃபிஸ்களில் கழித்து இங்கே வந்த ஒப்டிபிளெக்ஸ் கொம்பியூட்டர், உள்ளே கணக்குப் போடுகிற சிபியு ஐ5 3470, 8 ஜிபி ரேம். சின்னப் பெட்டி என்பதால் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி வயர் வராது, ஆகவே போர்டிலிருந்தே 30 வோட் எடுத்து ஓடுகிற ஜிடி 1030 போன்ற ஒன்றைத்தான் செருகலாம், அதுவும் காசு இருந்தால். சோளகக் காற்று தொடங்கினால் புழுதி ஹீட்சிங்கில் கம்பளி மாதிரிப் படியும், மத்தியானத்தில் சிபியு சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணை, இதில இழுக்குமோ?” என்றுதான் கேட்பார்கள். எஞ்சின் எழுதுகிறவனின் கெட்டித்தனத்துக்கு அதைவிட நேர்மையான பரீட்சை கிடையாது.

வெளிச்சக் கதை 1996 இல் குவேக் என்ற ஷூட்டரோடு தொடங்குகிறது. ஐடி சொஃப்ட்வெயர் நிறுவனத்தில் ஜோன் கார்மக்கும் மைக்கல் ஏப்ராஷும் அதை எழுதியபோது வீடுகளில் இருந்தது பென்டியம், 3டி கார்ட் என்று ஒன்று அனேகமாக யாரிடமும் இல்லை. முழு 3டி உலகம், அதில் நிழலும் வேண்டும். அவர்கள் செய்தது இதுதான்: மேப்பை, அதாவது ஆட்டம் நடக்கிற இடத்தை, தயாரிக்கும்போதே ஒவ்வொரு சுவரிலும் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கணக்கிட்டு, அதை லைட்மேப் என்ற சின்னப் படமாகச் சேர்த்து வைத்தார்கள். சுவரின் 16 பிக்சலுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். எந்த அறையில் நின்றால் எந்த அறை கண்ணில் படும் என்பதையும் அதேபோல முன்கூட்டியே கணக்கிட்டார்கள், தெரியாத அறையை எஞ்சின் தொடவே தொடாது. மேப் செய்கிறவன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆடுகிறவன் காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஒழுங்கு எனக்கு இன்றைக்கும் சரியாகப் படுகிறது.

1999 கடைசியில் குவேக் 3 அரீனாவும் அன்ரியல் டோர்னமென்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தச் சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குவேக் 3 க்கு 3டி கார்ட் கட்டாயம், இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. அன்ரியல் டோர்னமென்ட்டில் கார்ட் இல்லாதவர்களுக்காக வெறும் சிபியுவில் ஓடுகிற வழியையும் வைத்திருந்தார்கள். டிம் ஸ்வீனி முதல் அன்ரியலில் எழுதிய, சிபியுவிலேயே படம் வரைகிற அந்த சொஃப்ட்வெயர் ரெண்டரர் நிறமும் மூட்டமுமாக அந்தக் காலத்துக்கு வடிவான வேலை. வளைந்த சுவர்களும் வழுவழுப்பான ஓட்டமும் குவேக் 3 இன் பக்கம், சந்தேகமில்லை, ஆனால் வாசலில் நிற்கிறவனையும் உள்ளே விட்டது அன்ரியல்.

நான் மிகவும் பேச விரும்புவது 2004 ஐப் பற்றி. அந்த வருசம் ஓகஸ்டில் டூம் 3, நொவம்பரில் ஹாஃப்-லைஃப் 2. இரண்டையும் நான் பல வருசம் பிந்தித்தான் ஆடினேன், 2004 இல் எங்கள் வீட்டில் இருந்தது ஜெனரேட்டர் கரண்ட், அதில் ஒரு பல்பும் ரேடியோவும் எரிந்தால் போதும் என்ற நிலை.

டூம் 3 இல் கார்மக் லைட்மேப்பைத் தூக்கி எறிந்துவிட்டார். எல்லா விளக்கும் அந்தந்த நொடியில் கணக்கிடப்படும், சுவருக்கு ஒரு முறை பேய்க்கு ஒரு முறை என்ற பாகுபாடு கிடையாது. விளக்கு ஆடினால் நிழலும் ஆடும். இதற்கு எஞ்சின் என்ன செய்கிறது என்றால், விளக்கிலிருந்து பார்க்கும்போது ஒரு உருவத்தின் ஓரக் கோடு எங்கே வருகிறது என்று சிபியு தேடிப் பிடித்து, அந்தக் கோட்டை விளக்குக்கு எதிர்ப்பக்கமாக நீட்டி ஒரு இருட்டுப் பெட்டி கட்டும். அந்தப் பெட்டிக்குள் எந்தப் பிக்சல் விழுகிறது என்று ஸ்டென்சில் பஃபர் என்ற, பிக்சலுக்கு ஒரு எண் வைத்திருக்கிற இடத்தில் எண்ணிப் பார்க்கும். மூன்று விளக்கு ஒரு சுவரில் பட்டால் அந்தச் சுவரை மூன்று தரம் வரைய வேண்டும். அதனால்தான் டூம் 3 இல் அறைகள் சின்னன், விளக்குகள் குறைவு, நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். ஆட்களின் மொடலைக் கிட்டப்போய்ப் பாருங்கள், முகத்தில் சுருக்கமெல்லாம் தெரியும், ஆனால் தலையின் வெளிக்கோடு மூலை மூலையாக உடைந்திருக்கும். உருவத்தைக் கட்டுகிற துண்டுகளான பொலிகன் கூடினால் நிழல் கணக்கும் கூடும் என்பதால் குறைத்து வைத்தது. இந்த நிழல் முறையில் ஒரு பகுதிக்கு கிரியேட்டிவ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது, 2011 இல் டூம் 3 இன் சோர்ஸ் கோடை வெளியிடும்போது கார்மக் அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதித்தான் விட்டார்.

ஹாஃப்-லைஃப் 2 ஐச் செய்த வால்வ் நிறுவனம் எதிர்த்திசையில் போனது. அவர்களுடைய சோர்ஸ் எஞ்சினில் வெளிச்சம் பெரும்பாலும் முன்கூட்டியே கணக்கு, அதுவும் குவேக்கைவிட ஆழமாக: சுவரில் பட்டுத் திரும்பித் தரையில் விழுகிற வெளிச்சம், சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் நிலம் இலேசாகச் சிவக்கிறது, அதெல்லாம். கலியாண வீட்டில் முதல்நாள் இரவே மரக்கறி வெட்டித் தேங்காய் திருவி வைத்துவிட்டால் பந்தியில் ஆள் உட்கார்ந்தவுடன் பரிமாறலாம், சோர்ஸ் அந்தச் சமையல். டூம் 3 ஒவ்வொரு ஆளும் இலையில் உட்கார்ந்த பிறகு கத்தியை எடுக்கிறது. மிச்சம்பிடித்த சிபியு நேரத்தை வால்வ் எங்கே போட்டது? ஹாவொக் பிசிக்ஸில், அதாவது பொருட்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடுகிற மென்பொருளில். பெட்டி உருளும், பலகை மிதக்கும், கிராவிட்டி கன்னால் தூக்கி எறியலாம். அதோடு டைரக்ட்எக்ஸ் 7, 8, 9 என்று ஒவ்வொரு தலைமுறைக் கார்டுக்கும் தனித்தனி வழி எழுதி வைத்தார்கள், பழைய கார்டில் தண்ணீர் மினுங்காது, ஆனால் கேம் ஓடும். டூம் 3 இன் தொழில்நுட்பத்தை நான் வியந்துதான் பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிற பெட்டிகளுக்கு நன்மை செய்தது ஹாஃப்-லைஃப் 2.

சரி, இப்போதைய சண்டைக்கு வருவோம். கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் வலோரன்ட்டும் மோதுவது பழைய குவேக்-அன்ரியல் மோதலின் பேரப்பிள்ளைச் சண்டைதான். வால்வ் குவேக் எஞ்சினை உரிமம் எடுத்துத்தான் முதல் ஹாஃப்-லைஃபைக் கட்டியது, அதன் மேல் கவுண்டர்-ஸ்ட்ரைக், பிறகு சோர்ஸ், பிறகு சோர்ஸ் 2. கோல் ஒஃப் டியூட்டியும் குவேக் 3 இன் எஞ்சினில் பிறந்தது. வலோரன்ட் அன்ரியல் 4 இல் பிறந்து 2025 யூலையில் அன்ரியல் 5 க்கு மாறியது. இந்தப் பரம்பரை கையிலேயே தெரியும். குவேக்கில் ஆள் வேகம் எடுக்கிற கணக்கு மொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் அமத்துகிற திசையில் வேகம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே காற்றில் இருக்கும்போது மவுஸைத் திருப்பிக்கொண்டே பக்கவாட்டுக் கீயை அமத்தினால், அந்தப் புதுத் திசையில் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்து எஞ்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் பாய்ந்து பாய்ந்து போகிறவர்கள் இன்றைக்கும் 1996 இன் அந்தச் சில வரிகளில்தான் சவாரி செய்கிறார்கள். வலோரன்ட்டில் அது இல்லை, நின்று சுடு என்பது அதன் ஒழுங்கு.

டிக் சண்டை இன்னொன்று, சேர்வர் ஆட்டத்தைக் கணக்கிடுகிற ஒவ்வொரு தரமும் ஒரு டிக். வலோரன்ட் சேர்வர் செக்கனுக்கு 128 தரம் கணக்குப் போடும், சிஎஸ் 2, அதாவது இப்போதைய கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, செக்கனுக்கு 64 தரம் போட்டு, நீங்கள் எந்தக் கணத்தில் கிளிக் செய்தீர்கள் என்பதைச் சேர்த்து அனுப்பும். 7.8 மில்லிசெக்கனா 15.6 மில்லிசெக்கனா என்பது ஃபைபர் இருக்கிறவர்களின் கவலை. இங்கே 4ஜி ரவுட்டரில் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய்வர வேண்டும், பொழுதுபட்டு ஊரெல்லாம் போனைக் கையில் எடுத்தவுடன் பிங், அதாவது சேர்வருக்குப் போய்வர எடுக்கிற நேரம், ஏறி இறங்கும், அந்த ஆட்டத்துக்குள் எட்டு மில்லிசெக்கன் காணாமல் போய்விடும். எங்களைக் காப்பாற்றுவது வேறு இரண்டு பழைய வேலைகள். 1996 கடைசியில் குவேக்கின் இன்டர்நெற் பதிப்பான குவேக்வேர்ல்டில் வந்த முன்கணிப்பு, அதாவது சேர்வர் பதில் சொல்லும்வரை நிற்காமல் உங்கள் ஆளை உங்கள் மெசினே நகர்த்திவிடுவது. அடுத்தது ஹாஃப்-லைஃபில் வந்த லாக் ஈடு, நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே நின்றானோ அங்கே சேர்வர் அவனைப் பின்னோக்கிக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது. சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன் என்று பெடியள் கத்துவது இதனால்தான். கத்தட்டும், இது இல்லாவிட்டால் கிளிநொச்சியில் இருந்து ஒருவரும் ஒன்லைனில் சுடவே முடியாது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டில்ஃபீல்ட் என்ற ஷூட்டரின் ஃப்ரொஸ்ட்பைட் எஞ்சின் பெரிய சத்தம் வரும்போது சின்னச் சத்தங்களை அமுக்கி விடுகிறது, வெடிக்குப் பிறகு காது அடைத்ததுபோல இருக்கும். தொழில்நுட்பமாக அருமையான வேலை. ஆனால் 2009 போரைத் தாண்டி வந்த ஆட்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊரில் அதை ஸ்பீக்கரில் போடக்கூடாது. ஒரு அம்மா தையல் மெசினுக்கு மோட்டர் பார்க்க வந்தவர், உள்ளறையில் பெடியள் போட்டிருந்த சத்தம் கேட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. அதன் பிறகு எங்கள் இடத்தில் ஹெட்செட் இல்லாமல் எந்த ஷூட்டரும் கிடையாது. வன்னியில் இப்படி ஆடுகிற எல்லோரிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன், இருநூறோ முன்னூறோ போட்டு ஒரு வயர் நீட்டிப்பு வாங்குங்கள், ஹெட்செட்டைக் கொழுவுங்கள்.

எனக்கு இப்போது கவலை தருவது வேறு. 2023 செப்டெம்பரில் சிஎஸ் 2 வந்து முந்தின கவுண்டர்-ஸ்ட்ரைக்கான சிஎஸ்:ஜிஓவின் இடத்தை எடுத்தபோது, பழைய கோர் 2 டுவோ சிபியுவிலும் 2 ஜிபி ரேமிலும் ஓடிய கேம் 8 ஜிபி ரேமும் 85 ஜிபி டிஸ்க்கும் கேட்கத் தொடங்கியது. வலோரன்ட் இன்னும் சிபியுவோடு சேர்ந்து வருகிற பழைய இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸில்கூட இழுக்கும், அந்த அக்கறைக்கு நான் முழு மதிப்புக் கொடுக்கிறேன், ஆனால் விண்டோஸ் 11 இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் மெசினில் வேண்டும், எங்கள் 3470 பெட்டிகள் விண்டோஸ் 10 ஓடு நிற்கின்றன, அதற்கான ஆதரவோ 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அதே 2025 இல் ஐடி சொஃப்ட்வெயர் டூம்: த டார்க் ஏஜஸை விட்டது, ரே ட்ரேசிங், அதாவது ஆடும்போதே வெளிச்சக் கதிர்கள் போகிற வழியைக் கணக்கிடுகிற வசதி, உள்ள கார்ட் இல்லாவிட்டால் அது திறக்காது. அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான்: வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட மணிக்கணக்கு வேண்டாம், மேப் செய்கிறவர் விளக்கை நகர்த்தினால் உடனே தெரியும், டிஸ்க்கில் இடமும் மிச்சம். ஆனால் அந்தக் கணக்கு மறைந்துபோகவில்லை. அவர்களுடைய கொம்பியூட்டர்கள் ஒரு தரம் போட்டு முடிக்கவேண்டிய கணக்கை, இனி ஒவ்வொரு ஃப்ரேமிலும் வாங்கினவனின் கார்டும் வாங்கினவனின் கரண்ட் பில்லும் போட வேண்டும். வெளிச்சச் செலவு ஸ்டூடியோவில் இருந்து எங்கள் மேசைக்கு இறக்கப்பட்டிருக்கிறது. 2022 இல் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் இருந்து இதைச் சொல்கிறேன், அந்தச் செலவு சின்னச் செலவில்லை.

பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. கார்மக் குவேக் 1, 2, 3 எல்லாவற்றின் சோர்ஸ் கோடையும் ஜிபிஎல் என்ற, யாரும் எடுத்து மாற்றலாம் என்கிற உரிமத்தில் திறந்து விட்டதால் அதன் மேல் இலவச கேம்கள் வளர்ந்திருக்கின்றன. சோனொடிக் குவேக் 1 இன் வழி வந்த டார்க்பிளேசஸ் எஞ்சினில் ஓடுகிறது, ஓப்பன்அரீனா குவேக் 3 இல். அசால்ட்கியூப் வேறு பரம்பரை, கியூப் எஞ்சின், ஆனால் 50 எம்பி அளவுதான், போன் டேட்டாவில் இறக்கி பென் டிரைவில் கொடுத்துவிடலாம். இன்டர்நெற் வேண்டாம், எட்டுப் போர்ட் நெட்வேர்க் சுவிட்ச் ஒன்றும் கட் 5 நெட்வேர்க் வயரும் போதும், பிங் 1. எங்கள் கடையில் சனிக்கிழமை பின்நேரம் அப்படித்தான் ஆடுகிறோம், வருகிறவர்கள் பென் டிரைவும் ஹெட்செட்டும் கொண்டு வாருங்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் ட்ரென்ச்ப்ரூம் என்ற மேப் எடிட்டரையும் இறக்குங்கள், அதுவும் இலவசம். ஒரு அறை கட்டி, ஒரு விளக்கு வைத்து, வெளிச்சக் கணக்கை ஓட விட்டுப் பாருங்கள், பிறகு விளக்கைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தி இன்னொரு தரம் ஓட விடுங்கள்.