மழைக்குப் பிறகு வரச் சொன்னவர்

"பாபு, இந்தக் கயிற்றுக்குள் என்ன எழுதினீர்கள்?" என்று பூப் பொறுக்க வந்திருந்த அந்த அம்மாள் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகு எத்தனையோ சுரங்கங்களின் அனுமதி அறிக்கைக்காக மரம் செடிகொடிகளைக் கணக்கெடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பதிலில் வந்துதான் மனம் நிற்கிறது.

வட சத்தீஸ்கரில் ஏப்ரல் மாதம். சுரங்கம் வரவிருந்த காடு. மரத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், புதருக்கு ஐந்து, புல்பூண்டுகளுக்கு ஒரு மீட்டர் என்று கயிறு பிடித்துக்கொண்டு போனோம். அந்த ஒரு மீட்டர் சதுரம் விழுந்தது ஒரு மஹுவா மரத்தடியில். நம் ஊர் இலுப்பைக்கு நெருங்கிய உறவு அது. பூப் பொறுக்க வசதியாகச் சருகைக் கொளுத்தியிருந்தார்கள். கறுத்துக் கிடந்த தரையில் வெளிர்மஞ்சள் பூக்கள் சொதசொதவென்று விழுந்து கிடந்தன. பச்சை என்று ஒரு இலைகூட இல்லை. படிவத்தில் பூச்சியம் போட்டேன்.

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தார். கயிற்றுக்குள் விரலால் சாம்பலைக் கீறி, அடியில் இருந்த செம்மண்ணைக் காட்டினார். "மழை விழுந்த பிறகு வாருங்கள். இங்கே கிழங்கு கொடி விடும். அதோ, அந்த சராய் மரங்களுக்கு அடியில் புட்டு வரும்" என்றார். வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

சராய் என்று அவர்கள் சொல்வது சால மரத்தை. புட்டு என்பது அதன் வேரோடு ஒட்டி வாழும் காளான். முதல் மழைக்குப் பின் மண்ணுக்குள் கோலிக்குண்டு போலத் திரளும். குச்சியால் கிளறி எடுப்பார்கள். ஜார்க்கண்டில் இதையே ருக்டா என்கிறார்கள், பஸ்தரில் போடா. முதல் வரத்துக்குச் சந்தையில் ஆட்டிறைச்சியைத் தாண்டி விலை போவதுண்டு. இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது வருத்துவது அதுதான்.

விதியை நான் மீறவில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான அடிப்படைத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுத்தால் போதும். அதற்கு நியாயமும் இருக்கிறது. மழையில் தூசி அடங்கிவிடும். அப்போது காற்றை அளந்தால் ஊர் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் காற்றுக்குச் சரியான அந்தப் பருவத்தில்தான் பூண்டுகளும் கிழங்குகளும் மண்ணுக்குள் உறங்குகின்றன. ஒரே நாட்காட்டியை இரண்டுக்கும் வைத்தால் காட்டில் பாதி கணக்குக்கு வராது.

அதை அறிக்கையின் வரைவில் எழுதத்தான் செய்தேன். "இப்பகுதியின் தரைத் தாவரங்களுக்கு மழைக்காலக் கணக்கெடுப்பு தனியே தேவை" என்று ஒரே ஒரு வாக்கியம். எங்கள் குழுவின் மூத்தவர் என்னை அழைத்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்ல எனக்குக் கற்றுத்தந்தவர் அவர், கெட்ட மனிதரில்லை. "இதைப் பார்த்தால் நிபுணர் குழு இன்னொரு பருவம் கேட்கும். விதியே கேட்காததை நாமாக ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?" என்றார். "சரி, சார்" என்றேன். அவர் கோடு போட்டு அடிப்பதற்கு முன் நானே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு வரியால் சுரங்கம் நின்றிருக்குமா? நின்றிருக்காது. இதைச் சொல்லித்தான் பல இரவுகள் என்னைத் தேற்றிக்கொண்டேன். மஹுவா, பீடி இலை, சால விதை எல்லாம் என் பட்டியலில் இருந்தன. அதில் பொய்யான பெயர் ஒன்றும் கிடையாது. மக்கள் கருத்துக் கேட்பு நடக்கும், அங்கே அந்த அம்மாளே எழுந்து பேசலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: கூட்டத்துக்கு முன் அந்த ஊருக்குப் போவது இந்தியில் எழுதிய சுருக்க அறிக்கை. அதில் அவருடைய கிழங்கும் புட்டும் இருக்காது. இல்லாத ஒன்றைக் காட்டி, படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மேடையைப் பார்த்து அவர் எப்படிக் கேள்வி கேட்பார்?

மண் அத்தியாயத்தையும் எழுதியவன் நான்தான். 'வி' வடிவில் குழி வெட்டி, கார அமில நிலை, கரிமச் சத்து, தழை மணி சாம்பல் என்று அட்டவணை நிரப்பினேன். மேல்மண்ணைத் தனியே அகற்றிக் குவித்து வைத்து, சுரங்கக் குழியை மூடிய பின் மீண்டும் பரப்புவதாகத் திட்டம் சொல்லும். குவியலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மண்ணில் வேரோடு வாழும் பூஞ்சை இழைகள் பெரும்பாலும் மடிந்துபோகும். சால விதைக்கும் ஆயுள் குறைவு. உதிர்ந்து ஒரு வாரம் போல்தான் முளைக்கும் திறன் தாங்கும். மண்ணுக்கு ஓர் அட்டவணை, தாவரத்துக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் இணைக்கும் புட்டுக்கு எதிலும் இடமில்லை. இரண்டையும் நிரப்பிய கை ஒன்றே என்பதால், தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

விதி மாறாமல் தனி ஆளால் என்ன செய்ய முடியும் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அது உண்மையான கேள்விதான். ஆனால் அன்று என் முன் நின்ற கேள்வி அவ்வளவு பெரியதில்லை. வேண்டியிருந்தது ஒரு வரி; அதைக் காப்பாற்ற ஒரு வாதம்.

அதற்குப் பிறகு, மழைக்கு என்னென்ன முளைக்கும் என்று ஊர்ப் பெண்களிடம் கேட்டு, "உள்ளூர் மக்கள் கூறியபடி" என்று ஒரு பட்டியலை அறிக்கையின் பின்னால் சேர்த்துவருகிறேன். நேரில் பார்க்காததை எப்படி எழுதலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் பிழையில்லை. இதுவரை மூன்று அறிக்கைகளில் அந்தப் பட்டியல் நின்றது. இரண்டில் நீக்கச் சொன்னார்கள். முதல் தடவை வாதாடினேன். இரண்டாம் தடவை வாதாடவில்லை.