பேரில்லாமல் திரும்பி வந்த படங்கள்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் ஒன்றாக ஓடி, மெயின் சுவிட்ச் டிரிப் ஆனது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மாட்டியிருந்த 1 டிபி டிஸ்க் அத்தோடு படுத்துவிட்டது. மவுண்ட் ஆகவே இல்லை, அதாவது கணினியால் அதைத் திறக்கவே முடியவில்லை. பன்னிரண்டு வருடக் குடும்பப் படங்கள் அதில். "எல்லாம் போச்சாடா?" என்றார் அம்மா. "பார்க்கலாம்மா" என்றேன்.

கை துறுதுறுத்தாலும், டிஸ்க்கில் கோப்புகளின் அமைப்பைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்செக்கை நேராக ஓட்டவில்லை. அது டிஸ்க்கிலேயே எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதினால் மிச்சமும் போகும். சிம் லிம் ஸ்குவேரில் 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூவில், படங்கள் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) அப்படியே நகலெடுத்தேன். இரவு முழுக்க ஓடியது. படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்) இரண்டே இடத்தில்தான், ஆனால் இரண்டும் மோசமான இடம்.

முதல் இடம் சூப்பர்பிளாக், டிஸ்க்கின் அமைப்பையே குறித்து வைத்திருக்கும் பகுதி. என் டிஸ்க்கில் இருந்த ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் அதற்கு ஆங்காங்கே நகல்கள் உண்டு. புது டிஸ்க்கில் ஓட்டிய எஃப்எஸ்செக் தானாகவே சூப்பர்பிளாக்கின் நகலைத் தேடிவிட்டுக் கையை விரித்தது. நகல் இருக்கும் இடமாக 8193 அல்லது 32768 கொடுத்துப் பார் என்றது. 8193 என்பது டிஸ்க்கை 1 கேபி பிளாக்குகளாக (துண்டுகளாக) பிரித்திருந்தால். என்னுடையது 4 கேபி. 32768-உம் வேலைக்காகவில்லை, படிக்க முடியாத இரண்டாவது இடம் சரியாக அங்கேதான். அடுத்த நகல் எங்கே என்று, டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் எம்கேஇ2எஃப்எஸ்-ஐ, எதையும் எழுதாமல் சொல்ல மட்டும் வைக்கும் மைனஸ் என் (-n) போட்டுக் கேட்டேன். அந்த 'என்' விட்டுப்போனால் நிஜமாகவே ஃபார்மட் செய்துவிடும், மூன்று முறை படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். 98304 என்றது. அதைக் கொடுத்ததும் எஃப்எஸ்செக் பிடித்துக்கொண்டது!

எஃப்எஸ்செக்கின் ஐந்து கட்டமும் ஓடி முடிந்தபின் மவுண்ட் செய்தால், எல்லாவற்றுக்கும் மேலான ரூட் ஃபோல்டர் காலி. எல்லாம், இடம் தெரியாதவற்றை எஃப்எஸ்செக் போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில், #131073 என்ற மாதிரிப் பெயர்களில். யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் அந்தக் கோப்பிடம் இருப்பதில்லை, அதை வைத்திருக்கும் ஃபோல்டரிடம்தான் இருக்கிறது. ரூட் போனதால் மேல் ஃபோல்டர்கள் பேரிழந்து வெறும் ஐனோடு எண்களாகிவிட்டன (கணினி ஒவ்வொன்றுக்கும் உள்ளே வைத்திருக்கும் எண்). உள்ளே இருந்தவற்றுக்குப் பேர் பத்திரம்.

#131073-ஐத் திறந்தேன். சிராங்கூன் ரோடு தீபாவளி விளக்குகள், நடுவில் பாட்டி. அம்மா எட்டிப் பார்த்து, "கண்ணை மூடிட்டாங்கன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார்.

இன்னும் பதினாறு ஃபோல்டருக்குப் பேர் வைக்க வேண்டும். பழைய டிஸ்க் 'தொடாதே' என்று எழுதி அலமாரியில் இருக்கிறது.