குரலைக் கேட்ட பிறகுதான் வேடம்: படுவான்கரைக் கூத்துத் தெரிவில் என் அனுபவம்

இந்த வருடம் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கலைக்கழகம் ஓர் அறிவித்தல் விட்டது. ஆவணித் திருவிழாக் காலத்தில் எங்கள் பகுதிக் கூத்தின் இரு வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஒன்று, டிசெம்பர் விடுமுறையில் ஒரு சிறுவர் நாடகம், இரண்டுக்கும் ஆள் தேவை. 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம். ஆண், பெண் இரு பாலாரும் வரலாம், முன்பு ஆடியிருக்கத் தேவையில்லை, வேறு ஊரவர்களும் வரலாம். என்னோடு முன்பள்ளியில் படிப்பிக்கும் தோழி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கடைசி வரியில்தான் என் கண் நின்றது: "வேடங்கள் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை."

கூத்து ஆடும் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த வரியின் பெறுமதி விளங்கும். முன்பு பல இடங்களில் அரச வேடம் இன்னார் வீட்டுக்கு, சேவகன் வேடம் இன்னாருக்கு என்பது ஒருவரும் வாய் திறக்காமலே முடிவாகிவிடும். பெண் வேடத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்கள், கூத்தாடும் வட்டமான களரியைச் சுற்றிப் பாய் விரித்து, விடிய விடிய இருந்து பார்த்தார்கள். மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் அரங்கியல் ஆய்வாளர் கலாநிதி சி. ஜெயசங்கரும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இந்த விசயங்களை நேராகவே கேள்வி கேட்டது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண் பிள்ளைகள் கூத்து ஆடுவது இன்று வழமையான காட்சி. ஆனால் ஓர் ஊர்க் களரிக்கு, எந்த வேடத்துக்கும் எவரும் வரலாம் என்று கூப்பிட்டதை நான் கண்டது இதுதான் முதல் தடவை. போகாமல் இருக்க மனம் விடவில்லை.

நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை எங்கள் பக்கத்து ஆட்கள் வாவியைக் கடந்து படுவான்கரை போக, துறையில் நின்று 'பாதை' என்ற மிதவைப் படகு வரும் வரை காத்திருக்க வேண்டும். கூத்துப் பழக என்று ஒரு பெண் அந்தியில் அக்கரைக்குப் போய் இரவில் திரும்புவதை அந்த நாளில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது ஸ்கூட்டியில் போய்விடலாம், சரி, ஆனால் இரவு இரவுதானே. அதனால் பெயர் கொடுக்க முன்னரே பழக்கம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். சனி, ஞாயிறு பின்னேரங்களில் பழக்கம் நடக்கும், இரவு 8 மணிக்கு நிறுத்துவோம், தூரத்தில் இருந்து வரும் பெண்களோடு கழகத்து ஆட்கள் பாலம் வரை கூட வருவார்கள் என்றார்கள். தெளிவான பதில் கிடைத்ததும்தான் படிவத்தை நிரப்பினேன். போக நினைக்கும் பெண்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

படிவம் ஒரு பக்கம்தான். பெயர், வயது, ஊர், பாட்டு அல்லது வாத்தியப் பழக்கம், எந்த நாட்களில் வர முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றார் கையொப்பம் வேண்டும். விரும்பும் வேடம் எது என்ற கேள்வியே அதில் இல்லை.

எனக்குப் பாடும் பழக்கம் உண்டு, ஆனால் எல்லாம் கோவிலில் பாடிய தேவாரம். கூத்துப் பாட்டுக்கு அந்தக் குரல் போதாது. எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் பிற்பாட்டுக்கு, அதாவது ஆடுபவரின் பாட்டைப் பின்னால் நின்று பாடுவதற்கு, நின்றவர். அவரிடம் போய் இருந்தேன். நான் பாடிக் காட்டியதும், "இது சாமிக்குக் கேக்கும் புள்ள, கடைசிப் பாயில இருக்கிறவனுக்குக் கேக்காது" என்றார். பிறகு வளவுக்குள் என்னை நடக்க வைத்துப் பாடப் பழக்கினார். ஒரு வரியை வேலி வரை நடந்துகொண்டே பாட வேண்டும், வேலியில் திரும்பும்போது குரல் குறையக் கூடாது. கேட்கச் சின்ன விசயம். செய்து பார்த்தால்தான் நெஞ்சு இளைப்பது தெரியும்.

தெரிவு கோவில் முன்றலில், மர நிழலில் நடந்தது. மணலில் பெரிய வட்டம் ஒன்று கீறி, நடுவில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நின்றார். பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளத்தோடு இரண்டு பேர். வந்திருந்தவர்களைப் பார்க்கவே சந்தோசமாக இருந்தது. வயல்காரர், வாவியில் மீன்பிடிப்பவர், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள், தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். சீட்டு எடுத்துத்தான் ஒழுங்கு போட்டார்கள். யாருடைய முகத்தையும் பார்த்து முன்னுக்கு விடவில்லை.

வீட்டில் பாடிப் பழகிய பாட்டை அண்ணாவியார் கேட்கவில்லை. அவர் தரு என்ற கூத்துப் பாட்டு ஒன்றின் வரியைப் பாடுவார், அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். அடுத்த தடவை சுருதியை ஏற்றுவார், அதற்கடுத்து இன்னும் ஏற்றுவார். குரல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு படி இறக்கிப் பாடச் சொல்வார். ஒலிவாங்கி கிடையாது. பிறகு அதே வரியை வட்டத்தில் நான்கு பக்கமும் திரும்பிப் பாடச் சொன்னார். பாடசாலை மேடையில் சனம் முன்னால் மட்டும் இருக்கும். களரியில் சுற்றிவரச் சனம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு முகம் காட்டும்போது மற்றப் பக்கத்துக்கு முதுகு. முதுகுப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். இந்த ஒரு பரீட்சையில்தான் நன்றாகப் பாடக்கூடிய பலர் தடுமாறினார்கள்.

அடுத்தது ஆட்டம். தாளக்கட்டைக் காலில் போட முதல் வாயால் சொல்லச் சொன்னார். வாய்க்கு வராத தாளம் காலுக்கு வராது என்பது அவர் கணக்கு, அது உண்மைதான். வாயில் சரியாகச் சொன்ன பிள்ளைகள் அடியையும் கெதியாகப் பிடித்தார்கள். கடைசியில் பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மூச்சு எங்கே எடுக்கிறோம் என்பதை அவர் கூர்ந்து பார்த்தார். சொல்லின் நடுவில் மூச்சு எடுத்தால் மத்தளத்தை நிறுத்திவிடுவார். கோபம் இல்லை, திட்டு இல்லை. "திருப்பிப் பாடு மகள்" என்பதோடு சரி. வசனம் வாசிப்பது சுருக்கமாக முடிந்தது.

கதை மகாபாரதப் போரின் பதின்மூன்றாம் நாள். துரோணர் சக்கர வியூகம் வகுக்கிறார், உள்ளே போக மட்டும் தெரிந்த அபிமன்யு தனியே மாட்டிக்கொள்கிறான். மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு நிற்கும் சுபத்திரையைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். அண்ணாவியார் என்னை இரண்டாம் முறை கூப்பிட்டு, சுருதியை நன்றாக இறக்கி ஒரு விருத்தம் பாட வைத்தார். முடிந்ததும், "உன்ட குரல் அடியிலதான் பலமா நிக்குது மகள். மேல இழுத்தா உடையும். நீ துரோணருக்குப் பாடு" என்றார்.

சுற்றி இருந்தவர்களில் ஒருவர், பொம்பிளைப் பிள்ளை துரோணரா என்று உரக்கவே கேட்டார். அண்ணாவியார் மத்தளத்தில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "நான் இளந்தாரியா இருக்கக்குள்ள சுபத்திர ஆடின. ஆம்பிள எப்பிடிப் பொம்பிள ஆடுறது எண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேக்கல்ல." அதோடு அந்தப் பேச்சு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் குரலில் ஒரு பலம் இருக்கிறது என்றும், அது என்ன பலம் என்றும், அதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அபிமன்யு, மீன்பிடிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனுக்குக் கிடைத்தது. அவன் பாடும்போது முன்றலில் இருந்த சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சுபத்திரை, தையல் வேலை செய்யும் அக்காவுக்கு. வேடம் கிடைக்காதவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பிற்பாட்டு, சல்லரி, உடுப்பு, ஒப்பனை, களரி கட்டுதல் என்று இடம் கேட்டார்கள். ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். சிலருக்கு முடிவை அந்த இடத்திலேயே சொன்னார்கள், சிலருக்குப் பிறகு தொலைபேசியில் ஒரு வரிச் செய்தி மட்டும் போனது. எனக்குச் சொன்னது போல, குரல் எங்கே நிற்கிறது, எதைப் பழக வேண்டும் என்று அவர்களுக்கும் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் அடுத்த முறை தைரியமாக வருவார்கள். கழகத்தாரிடம் இதை நேரே சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நல்ல நாள் பார்த்துக் கோவிலில் சட்டம், அதாவது அவரவர் வேடத்துக்கான பகுதி எழுதிய ஏடு, கொடுத்தார்கள். பூசை முடிந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு அண்ணாவியார் சட்டத்தைக் கையில் தந்தார். முழுக்கதையும் அதில் இராது. எங்கள் வேடத்துக்குரிய வரவு, தரு, விருத்தம், வசனம், எங்களுக்கு முன்னால் வரும் ஆளின் கடைசி வரி, இவ்வளவுதான். போனில் படம் எடுத்து வைத்தவர்களும் உண்டு. நான் ஒரு கொப்பியில் கையால் எழுதி எடுத்தேன். எழுதும்போதே பாதி பாடமாகிவிட்டது. மற்றவர்களும் எழுதிப் பார்ப்பது நல்லது.

இனித்தான் நீண்ட வேலை. வார முடிவுகளில் பழக்கம், அடி பிடிபட்டதும் சதங்கை அணிதல், பிறகு உடுப்பு ஒப்பனை இல்லாமல் முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அதற்கப்புறம் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடு நிறுத்தாமல், பழைய முறைப்படி வீட்டுக்கு வீடு ஆடவும் யோசனை இருக்கிறது. வடமோடி உடுப்பும் கிரீடமும் பாரம். அதைப் போட்டுக்கொண்டு ஆடிப் பாட உடம்பை இப்போதிருந்தே பழக்க வேண்டும் என்பதால் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

நேரம் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். விடியும் வரை ஆட வேண்டும் என்று ஊரில் மூத்தவர்கள், மூன்று மணி நேரம் போதும் என்று இளையவர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி மேடைக்கு எடுத்ததையும், அங்கே 1964இல் இராவணேசன் என்ற கூத்து நாடகத்தில் மட்டக்களப்புப் பிள்ளையான சி. மௌனகுரு இராவணனாக ஆடியதையும் இளையவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அது மேடை, இது களரி என்று மூத்தவர்கள் மறுத்தார்கள். மூன்று மணி நேரம் என்றுதான் கடைசியில் முடிவானது. எனக்கு அதில் சம்மதம். ஆனால் வரவு ஆட்டத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு வேடம் களரிக்குள் வந்து, சுற்றி ஆடி, தான் யார் என்று பாடும் நேரத்தில்தான் சனம் அந்த ஆளை ஏற்றுக்கொள்கிறது. போர்ப் பாட்டில் நாலைக் குறைத்தாலும் பரவாயில்லை.

துரோணரைப் பற்றி இப்போது நிறைய யோசிக்கிறேன். தான் வில் பிடிக்கக் கற்பித்த அர்ச்சுனனின் மகனைச் சாகடிக்கும் வியூகத்தைத் தானே வகுக்கிறார். நானும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். வியூகம் வகுக்கும் தருவைப் பாடும்போது குரலில் வீரம் மட்டும் இருந்தால் போதுமா என்று அண்ணாவியாரிடம் கேட்டேன். "முதல்ல வீரமாப் பாடிப் பழகு, மத்தது உனக்குள்ள இருந்து வரும்" என்றார். அப்படியே பழகிக்கொண்டிருக்கிறேன்.

சிறுவர் நாடகத்துக்கான தெரிவு சித்திரைப் புத்தாண்டு கழிந்து நடக்கும். அதை நெறிப்படுத்துபவர் கல்லடி நிறுவகத்தில் படித்து வந்த இளம் பெண். பாட்டுப் பரீட்சை வைக்க மாட்டார், வந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து உடலால் ஒரு கதை சொல்ல வைப்பார். தனியாக நின்று பாடக் கூச்சப்படுபவர்களுக்கு அது நல்ல வாசல். கூத்துக்கும் இன்னும் சல்லரிக்கு ஒருவரும் பிற்பாட்டுக்குப் பெண் குரல்களும் தேவைப்படுகின்றன. வருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும், காலைத் தாராளமாக வீசி ஆடக்கூடிய உடுப்பும் கொண்டு வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில்தான் ஆட வேண்டும். சித்திரை வெயிலில் அந்த மணல் சுடும் என்பதால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் தொடங்குவார்கள்.