எஞ்சினை இறக்கலாமா, வேண்டாமா

இன்று காலை காருக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் ஏழு சொட்டு ஆயில். நேற்று நான்கு.

மோரிஸ் மைனர், 1098 சிசி. கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஊசி) தொங்கும். வண்டி அதிரும்போது அதுவும் ஆடி, ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். எட்டாவது சொட்டு அந்தப் பின்னின் நுனியில் திரண்டு நின்றது. விழுவேனா என்றது. நானும் டார்ச்சைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தேன்.

இந்த எஞ்சினுக்குப் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கில் வெட்டியிருக்கும் திருகுப் பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பிவிடும், அவ்வளவுதான். பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடி ஒழுகும். அதைச் சரிசெய்ய எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். கியர்பாக்ஸிலிருந்து வருகிறதா என்று மோந்து பார்க்கலாமென்றால், அதற்கும் எஞ்சின் ஆயில்தான் ஊற்றுகிறோம்!

நண்பன், "இறக்கிடு, கிளட்சையும் மாத்திடலாம்" என்கிறான். அப்புறம் பேரிங், அப்புறம் டைமிங் செயின், அப்புறம் பெயின்ட்... இப்படித் தொடங்கி வருடக்கணக்கில் வெறுங்கூடாகக் கிடக்கும் வண்டிகளை எனக்குத் தெரியும்.

ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது. ஆயில் படிந்து கிளட்ச் வழுக்கவும் இல்லை. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். அதைக் கழற்றிக் கழுவுவது ஒன்றும் பெரிய வேலையில்லை.

சரி, முதலில் அது. கிளட்ச் வழுக்கும் அன்று எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைத் தேடிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.