ஒருவழியாக லாவெண்டர் முளைத்தது!

நாற்றுத் தட்டில் பாதிக்கு மேல் பச்சை தெரிகிறது. போன தடவைகளில் போட்ட விதையெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போனது என்பதால் இந்த முறை கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேமோமைல் (சீமைச்சாமந்தி) பக்கத்துத் தட்டில் காடு மாதிரி வந்திருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூவினால் வரும். லாவெண்டர்தான் படுத்தி எடுத்தது.

சூட்சுமம் குளிரில் இருக்கிறது. விதை பாக்கெட்டில் 'மண்ணால் லேசாக மூடி நீர் விடவும்' என்று ஒரே வரி போட்டுவிடுகிறார்கள். விதை உறக்கத்தைப் பற்றி (ஈரம் கிடைத்தாலும் முளைக்காமல் காத்திருப்பது) மூச்சே கிடையாது, மூடச் சொல்வதும் தப்பு, அதற்கு வெளிச்சம் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தேன், அப்படியும் முளைக்கவில்லை என்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பாக்கெட்டோடு காய்ந்த விதையை வைத்திருப்பார்கள். அது சேமிப்பு, அவ்வளவுதான். விதை ஈரத்தை உறிஞ்சிய பிறகு 4 டிகிரி அளவு குளிரில் மூன்றிலிருந்து ஆறு வாரம் கிடந்தால்தான் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அதற்குப் புரியும்.

ஈரம் எவ்வளவு என்பதில்தான் ஆட்டமே. எல்லோரும் சொல்கிற டிஷ்யூ பேப்பர் எனக்குப் பிடிக்கவில்லை, பூஞ்சை பிடிக்கிறது, தவிர ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒன்றிரண்டு முளைவிட்டால் வேர் பேப்பரில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அறுந்துவிடுகிறது. இப்போது பொடி வெர்மிகுலைட்தான் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்). நனைத்து, கைக்குள் வைத்து ஒரு சொட்டுகூட வராத வரை இறுக்கிப் பிழிந்து, விதையோடு கலந்து ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைப்பேன் (உள்ளே பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும்). வாரம் ஒருமுறை திறந்து காற்று காட்டினால் போதும். இதில் பெரிய சௌகரியம், ஒவ்வொரு விதையாகப் பல்குத்தியால் பொறுக்க வேண்டாம், கவரில் இருப்பதை அப்படியே தட்டின் மேல் தூவி விரலால் லேசாக அழுத்திவிடலாம்.

முளைத்த பிறகு அடுத்த வில்லன் நாற்றழுகல். முந்தின நாள் சாயங்காலம் நிமிர்ந்து நிற்கிற நாற்று, காலையில் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். முதல் முளை தெரிந்ததுமே நாற்றுத் தட்டின் மூடியை எடுத்துவிட்டேன், தண்ணீர் கீழ்த் தட்டில் மட்டும், மேலே ஸ்ப்ரே கிடையாது, சின்ன மின்விசிறி ஒன்று தூரத்தில் ஓடுகிறது. இந்த முறை ஒன்றுகூடச் சாயவில்லை.

விதை விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல். பாக்கெட் படத்தில் நீண்ட காம்போடு ஊதா வயல் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் லாவண்டின், இரண்டு லாவெண்டர் இனங்களின் கலப்பு, மலடு, அதில் விதையே பிடிக்காது, தண்டை வெட்டி நடும் பதியன்குச்சிதான் வழி. அப்படியென்றால் பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன? நான் விதை பிடிக்கிற ரகமான 'மன்ஸ்டெட்' என்று பெயரும் அறுவடை ஆண்டும் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குகிறேன்.

நாற்றுகளை இன்னும் தொட்டிக்கு மாற்றவில்லை, நிஜ இலை இரண்டு ஜோடி வரட்டும். பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் வெள்ளைத் துகள்) பருமணலும் தாராளமாகச் சேர்த்த கலவையில்தான் வைக்கப்போகிறேன், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகமானால் வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகும். அப்புறம் நுனி கிள்ளி, கிள்ளி... விதையிலிருந்து வந்த செடி ஒழுங்காகப் பூக்க எப்படியும் அடுத்த வருடம் ஆகிவிடும்.

அதற்குள் எக்கினேசியா என்கிற பூச்செடியின் விதையும் கவரில் ஏறிவிட்டது, அதற்கும் இதே குளிர் வைத்தியம். போரேஜ் என்கிற மூலிகைக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கும், அதனால் நேராகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். தொட்டிதான் காலி இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தட்டு விட்டுவைத்திருக்கிறேன், அதற்கும் சண்டை நடக்கிறது.