வேர்ட்பிரஸில் ஒரே வினவலை இருமுறை வாசித்த அனுபவம்

நான் பராமரிக்கும் சிற்றிதழ்த் தளத்தில், ஒவ்வோர் இதழின் பக்கத்திலும் மேலே ஐந்து தலைப்புகளும் கீழே எல்லாப் படைப்புகளின் சுருக்கமும் வர வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டது. அந்தப் பக்கத்துக்குரிய பதிவுகளை, தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்து முதன்மை வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்டுப் பெற்ற பதிவுகளின் தொகுப்பில்) வைத்திருக்கும். பக்கத்தின் அமைப்பை வகுக்கும் டெம்ப்ளேட்டும் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றன. ஐந்து தலைப்போடு முதல் லூப்பை (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுழற்சியை) பிரேக் கொடுத்து நிறுத்தியதும் சுருக்கப் பகுதி ஆறாவது படைப்பிலிருந்து தொடங்கியது. ஐந்தே படைப்புகள் உள்ள இதழிலோ அந்தப் பகுதி முழுவதும் காலியாக இருந்தது.

லூப் இறுதிவரை ஓடினால் இன்னும் பதிவு உண்டா என்று பார்க்கும் ஹேவ்_போஸ்ட்ஸ்() தானே, எந்தப் பதிவில் நிற்கிறோம் எனக் காட்டும் சுட்டியைத் தொடக்கத்துக்குத் திருப்பிவிடும்; இடையில் நிறுத்தினால் சுட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே இரண்டாம் லூப்புக்கு முன் ரீவைண்ட்_போஸ்ட்ஸ்() என்று ஒரு வரி சேர்த்தேன். அது நடப்புப் பதிவின் எண்ணை -1 ஆக்கும். அடுத்த தி_போஸ்ட்() அதை 0 ஆக்கி முதல் பதிவைத் தரும். பதிவுகள் ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் அதே வினவலை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. இதற்குப் பலர் குவெரி_போஸ்ட்ஸ்()-ஐப் பயன்படுத்துகிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவான வினவலையே மாற்றிவிட்டுப் பக்க எண்களைக் குழப்பக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த மாற்றத்தைப் பேரன்ட் தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் மூல வடிவமைப்பின்), பதிவுகளின் பட்டியலைக் காட்டும் ஆர்க்கைவ்.பிஎச்பி கோப்பிலேயே எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். ஆகவே பேரன்ட்டைச் சார்ந்து இயங்கும் சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்பை அதே பெயரில் அங்கே நகலெடுத்தேன். வேர்ட்பிரஸ் முதலில் சைல்டு தீமில்தான் தேடும். தீமின் ஃபங்ஷன்களை வைத்திருக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் இதற்கு விலக்கு: சைல்டு தீமின் கோப்பு முதலிலும் பேரன்ட்டின் கோப்பு அடுத்தும் என இரண்டுமே ஏற்றப்படும் என்பதால், அதை முழுதாக நகலெடுத்தால் ஒரே ஃபங்ஷன் இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே நின்றுவிடக்கூடும். படங்களின் முகவரியிலும் கவனம் தேவை: கெட்_டெம்ப்ளேட்_டைரக்டரி_யுஆர்ஐ() பேரன்ட் கோப்புறையையே காட்டும், சைல்டு தீமுக்கு கெட்_ஸ்டைல்ஷீட்_டைரக்டரி_யுஆர்ஐ() வேண்டும்.

நகலெடுத்த கோப்புக்குப் பேரன்ட் தீமின் திருத்தங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட, தாமாக வந்து சேரா. அதனால் தேவையான கோப்பைத் தவிர வேறெதையும் நகலெடுக்கவில்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இரண்டு ஆர்க்கைவ்.பிஎச்பி கோப்புகளையும் டிஃப் போட்டு ஒப்பிட்ட பின்பே அப்டேட் செய்கிறேன்.